நாலாவது குவாட்டர்பேக் எதற்கு?

செவ்வாய்க்கிழமை காலை, சலவை இயந்திரத்துக்குள் அறுபது ஜோடிக் காலுறைகளைத் திணித்துக்கொண்டிருந்தபோது வெர்ன் போன் பண்ணினான்.

“லெஸ்யா, ஒரு லாக்கர் ஒழிச்சு வை. நாளைக்கு ஒரு குவாட்டர்பேக் வர்றான்.”

“குவாட்டர்பேக்கா? நம்மகிட்டதான் மூணு பேர் இருக்காங்களே!”

“இவன் நாலாவது.”

“நாலாவது எதுக்கு? வெச்சு ஊறுகாய் போடவா?”

“அளவுச் சீட்டு அனுப்புறேன். போய் வேலையைப் பாரு.” வைத்துவிட்டான்.

வெர்ன் எங்கள் சாஸ்கடூன் பேட்ஜர்ஸ் அணியின் தலைமைப் பயிற்சியாளன். எங்களுடையது காலால் மட்டும் ஆடுகிற கால்பந்து இல்லை, நீள்பந்தைக் கையால் எறிந்தும் தூக்கிக்கொண்டு ஓடியும் ஆடுவது. நான் உடைமாற்றும் அறைக்கும் சாமான்களுக்கும் பொறுப்பு. பத்தொன்பது வருஷமாக ஹெல்மெட் திருகாணியிலிருந்து ஷூ நாடாவரை என் கையைத் தாண்டித்தான் மைதானத்துக்குப் போகிறது. எனக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. ஒரு விஷயம் ஏன் நடக்கிறது என்று தெரியாவிட்டால் சாப்பாடு தொண்டையில் இறங்காது. புருஷன் இருந்தவரை ‘உனக்கு மூக்கு நீளம்’ என்பான். இருந்துவிட்டுப் போகட்டும்.

விஷயம் இதுதான். ஆட்டத்தன்று மூன்று குவாட்டர்பேக்குகளுக்குத்தான் நான் ஜெர்சி மாட்டலாம். முதல் ஆள் பந்து எறிவான். அவனுக்கு அடிபட்டால் இரண்டாவது ஆள் எறிவான். இரண்டு பேரும் அமெரிக்கா. இந்த ஊரில் குவாட்டர்பேக் என்றாலே இறக்குமதிச் சரக்குதான், அது எழுதாத சட்டம். மூன்றாவது ஆள்தான் டானிலோ. எங்கள் ஊர்ப் பிள்ளை, பக்கத்துச் சிற்றூரான வக்காவ்காரன், வயது இருபத்தெட்டு. அவன் எறிவதில்லை.

எங்கள் ஆட்டத்தில் பத்து கெஜம் முன்னேற மூன்று வாய்ப்பு. எல்லைக்குத் தெற்கே அமெரிக்காவில் நான்கு கொடுக்கிறார்கள், எங்களுக்கு அந்தத் தாராளம் கிடையாது. இரண்டு வாய்ப்பில் ஒன்பது கெஜம் போய், இன்னும் ஒன்று பாக்கி என்று நின்றால் டானிலோவை இறக்குவார்கள். தலையைக் குனிந்து கூட்டத்துக்குள் புகுந்து அந்த ஒரு கெஜத்தை முட்டித் தள்ளிவிட்டு, மேலே கிடக்கும் எட்டுப் பேரையும் உதறி எழுந்து, பேசாமல் வெளியே வந்து உட்கார்ந்துகொள்வான். இன்னொரு வேலையும் உண்டு. உதைகாரன் கம்பங்களுக்கு நடுவே உதைக்கும்போது தரையில் மண்டியிட்டுப் பந்தை நிறுத்திப் பிடிப்பான். மூன்று வருஷமாக இந்த இரண்டே வேலை. ஆட்டத்தில் ஒரு பந்துகூட அவன் எறிந்ததில்லை. “ஒண்ணே ஒண்ணு எறிஞ்சா போதும் அக்கா, அப்புறம் எங்க வேணா போயிடறேன்” என்று வாரத்துக்கு ஒரு முறையாவது சொல்வான். சிரித்துக்கொண்டுதான் சொல்வான்.

இப்போது நான்கு பேர், மூன்று ஜெர்சி. யாருடையது போகப் போகிறது?

மத்தியானத்துக்குள் ஊர் முழுக்க இதே பேச்சு. காபிக்கடையில் அறுவடை வண்டிகளை வெளியே நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்த, கனோலா எண்ணெய்வித்து பயிரிடும் விவசாயிகள் ஆளுக்கொரு கதை வைத்திருந்தார்கள்.

“முதல் ஆளோட தோள்பட்டை போயிடுச்சாம். மூடி மறைக்கிறாங்க.”

“இல்லப்பா, ரெண்டாவது ஆளோட பொண்டாட்டிக்கு இங்க குளிர் ஒத்துக்கலையாம். மூட்டை கட்டுறாங்களாம்.”

“ரெண்டும் இல்ல. வெர்னுக்கு மண்டை குழம்பிப் போச்சு, அவ்வளவுதான்.”

நான் ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்தேன். முதல் ஆளின் தோளுக்குத் தினமும் பட்டை கட்டுகிறவளே நான்தான். அன்று வேண்டுமென்றே அழுத்திக் கட்டினேன். வலி இருந்தால் கத்தியிருப்பான், அவன் விசிலடித்துக்கொண்டிருந்தான். இரண்டாவது ஆளிடம், “வீட்ல எல்லாரும் சௌக்கியமா?” என்று கேட்டேன். போன வாரம்தான் பெண்டாட்டி குளிர்கால பூட்ஸ் மூன்று ஜோடி வாங்கியதாகச் சலித்துக்கொண்டான். மூட்டை கட்டுகிறவள் பூட்ஸ் வாங்குவாளா? மூன்றாவது கதையை நான் முழுக்க மறுக்க மாட்டேன். ஆனால் வெர்னின் மண்டை ஒரே நாளில் குழம்பக்கூடியது அல்ல.

சாயங்காலம் நாலு மணிக்கு அளவுச் சீட்டு வந்தது. பெயர் கெண்ட்ரெல் ப்ரூவிட், ஊர் மிசிசிப்பி. உயரம் ஆறடி ஐந்தங்குலம். எடை இருநூற்று அறுபத்தைந்து பவுண்டு. ஷூ பதினைந்து. தொடை முப்பத்தோரு அங்குலம்.

அந்தத் தொடை அளவை நான் இரண்டு முறை படித்தேன். என் இடுப்பே முப்பத்துநாலுதான், அதுவும் நான் வெளியில் சொல்லிக்கொள்வது. பந்து எறிகிறவனுக்கு இந்தத் தொடை எதற்கு? நாலாவது குவாட்டர்பேக் எதற்கு என்று அதற்குப் பிறகு நான் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அந்த ஒரு கெஜத்துக்குத்தான் ஆள் பிடித்திருக்கிறார்கள்.

இருப்பதிலேயே பெரிய கால்சட்டையை எடுத்துத் தையல் பிரித்து இரண்டு பக்கமும் துணி கொடுத்துக்கொண்டிருந்தேன். டானிலோ உள்ளே வந்தான். கால்சட்டையைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தான்.

“என்ன அக்கா இது, யாராவது கூடாரம் அடிக்கப் போறாங்களா?”

“கீழ வை.”

“புது ஆளோடதா?” இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான். தன் கையை அந்தக் கால்சட்டையின் ஒரு காலுக்குள் விட்டுப் பார்த்தான். இன்னொரு கையையும் விட்டான். இரண்டு கையும் போய் இன்னும் இடமிருந்தது. சிரிப்பு நின்றுபோனது.

“எறியறதுக்கு வரல” என்றான்.

“எனக்கென்ன தெரியும்? நான் தைக்கிறவ.”

“உனக்குத் தெரியாதது ஒண்ணு இருக்கா?”

நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஊசியில் நூல் கோத்தேன்.

“அண்ணனுக்கு அறுவடைக்கு லாரி ஓட்ட ஆள் வேணுமாம். நேத்துதான் போன் பண்ணினான்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். உள்ளூர்ப் பையனை, அதுவும் இருபத்தெட்டு வயதில், வேறெந்த அணியும் குவாட்டர்பேக்காக எடுக்காது. அது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

புதன்கிழமை கெண்ட்ரெல் வந்தான். அவனை வெறுக்க வேண்டுமென்று நான் முதல் நாளே முடிவு பண்ணியிருந்தேன். பாவி, இடம் கொடுத்தால்தானே? கதவில் குனிந்து உள்ளே வந்து, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

“வணக்கம்மா. நான் கெண்ட்ரெல். எங்கே நின்னா உங்களுக்கு இடைஞ்சலா இருக்காதுங்க?”

பத்தொன்பது வருஷத்தில் என்னை இப்படி யாரும் கேட்டதில்லை. கால்சட்டை அளவெடுத்தாற்போல இருந்ததைப் பார்த்து, கையாலேயே தைத்தீர்களா என்று கேட்டு மூன்று முறை நன்றி சொன்னான். அங்கே ஓர் அணி கைவிட்டதும் இரண்டு வருஷம் பார்சல் வண்டி ஓட்டியிருக்கிறான். ஆறு வயதில் ஒரு பெண் குழந்தை. அப்பா பந்து விளையாடுகிறவர் என்று பள்ளிக்கூடத்தில் அவள் சொன்னால் பிள்ளைகள் நம்புவதில்லையாம். வெறுப்பதற்கு நான் வேறு ஆள்தான் தேட வேண்டியிருந்தது. வெர்ன் கைவசம் இருந்தான்.

வெர்ன் டானிலோவைக் கூப்பிட்டான். “சனிக்கிழமை ஆட்டம். இவனுக்கு நம்ம ஆட்டம் புதுசு. சொல்ல வேண்டியதெல்லாம் நீ சொல்லிக்கொடுத்துடு.” யார் வேலைக்கு யாரை யார் தயார்பண்ணுவது என்று அவனுக்கு ஒரு கூச்சமும் இல்லை. டானிலோ சரி என்று தலையாட்டினான்.

சொல்லியும் கொடுத்தான். மைதானத்தின் ஓரத்தில் தண்ணீர்ப் புட்டிகளை அடுக்குகிற சாக்கில் நான் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

“அங்க உங்க ஊர்ல ரெண்டு பக்கமும் மூக்கோட மூக்கு ஒட்டி நிப்பாங்க, சரிதானே? இங்க அவங்க ஒரு கெஜம் தள்ளித்தான் நிக்கணும். நீ குதிச்சதும் காத்துலதான் விழுவே. அதனால குதிக்காதே. ரெண்டு எட்டு வை, அப்புறம் முட்டு.”

“அப்ப அந்த ஒரு கெஜம் சும்மாவே கிடக்குதா?”

“சும்மா கிடக்கு. ஆனா பந்து கொஞ்சம் நழுவுச்சுன்னா அதே ஒரு கெஜத்துல அவன் உன்மேல பாய்ஞ்சுடுவான்.”

கெண்ட்ரெல் முதல் முறை பழக்கதோஷத்தில் குதித்து, வெறும் தரையில் மரம் சாய்ந்தாற்போல விழுந்தான். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். ஐந்தாவது முறை நான்கு பேரைத் தள்ளிக்கொண்டு போனான். வெர்ன் ஏதோ எழுதிக்கொண்டான். மூன்று வாய்ப்பும் முடிந்த பிறகு நாலாவது பாக்கி இருக்கிறது என்று கெண்ட்ரெல் ஒவ்வொரு தடவையும் மைதானத்திலேயே நின்றுகொண்டிருப்பான், டானிலோ சட்டையைப் பிடித்து இழுத்து வருவான். பந்தை எப்படி நிறுத்திப் பிடிப்பது, தையல் எந்தப் பக்கம் இருக்க வேண்டும், உதைகாரன் இடது காலை எங்கே வைப்பான் என்று விரல் விரலாகக் காட்டிக்கொடுத்தான். எனக்கு ஆத்திரம் வந்தது. இவ்வளவு நல்லவனாக இருந்து யார் மெடல் குத்தப்போகிறார்கள்?

ஆனால் ஒன்றை மட்டும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை பயிற்சி முடிந்து டானிலோ பந்துகளைத் திருப்பிக் கொண்டுவந்தபோது கேட்டேன். “எல்லாம் சொல்லிட்டியா?”

“சொல்லியாச்சு.”

“உதை தவறிப்போனா என்ன பண்ணணும்னு?”

பந்துகளை ஒவ்வொன்றாகத் தொட்டியில் போட்டான். “அவன் கேக்கல.”

“தெரியாததை எப்படிடா கேப்பான்?”

இங்கே ஒரு விளக்கம் தேவை. எங்கள் ஆட்டத்தில் தவறிய உதை செத்துப்போன பந்து இல்லை, நேரம் முடிந்திருந்தாலும் ஆட்டம் ஓடிக்கொண்டே இருக்கும். எதிராளி அதை எடுத்துக்கொண்டு ஓடலாம். கம்பங்களுக்குப் பின்னாலுள்ள எல்லைக் கட்டத்தை விட்டு வெளியே கொண்டுவர முடியாமல் உள்ளேயே சிக்கிக்கொண்டால் எங்களுக்கு ஒரு புள்ளி. அந்த ஒற்றைப் புள்ளிக்கு ரூஜ் என்று பெயர். அதைக் கொடுத்துவிடக் கூடாதென்று எதிராளி பந்தைத் திருப்பி வெளியே உதைப்பான். நாங்கள் அதைப் பிடித்து மறுபடி உள்ளே உதைக்கலாம். அதில் இன்னொரு சட்டமும் உண்டு. உதைத்தவனின் கூட்டாளிகள், பந்தை எடுக்க நிற்கிறவன் அதைத் தொடும்வரை, ஐந்து கெஜம் தள்ளியே நிற்க வேண்டும். வெளியூர்க்காரன் பார்த்தால் மைதானத்தில் எல்லோருக்கும் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றுதான் நினைப்பான். எங்கள் ஊரில் ஆறு வயதுப் பிள்ளைக்கும் இது தெரியும். அதனால்தான் இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை.

“வெர்ன் சொல்லலாம்ல?” என்றான் டானிலோ. “உதைகாரன் சொல்லலாம்ல? அத்தனை பேர் இருக்காங்க. என் இடத்தை எடுத்துக்கிறவனுக்கு எல்லாத்தையும் நானேதான் ஊட்டி விடணுமா? அது வருஷத்துக்கு ஒரு தடவைகூட நடக்காது அக்கா.”

“நடந்தா?”

“நடந்தா, உள்ளூர் ஆள் ஒருத்தன் வேணும்னு அப்பவாவது அவங்களுக்கு உறைக்கும்.”

பந்துத் தொட்டியைத் தள்ளிக்கொண்டு கிளம்பினேன். வெளியே நடைபாதையில் கெண்ட்ரெல் எதிரே வந்து, “நாளைக்கு எத்தனை மணிக்கு வரட்டும்மா?” என்று கேட்டான். எட்டரைக்கு என்றேன். அந்த இடத்தில் இன்னும் இரண்டு வாக்கியம் பேச எனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? நான் பேசவில்லை. டானிலோ மட்டும் தப்புப் பண்ணினான் என்று யாரும் நினைக்கக் கூடாது, அதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். எனக்கு என் ஊர்ப் பிள்ளை ஜெயிக்க வேண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை பட்டியல் வந்தது. மூன்றாவது ஜெர்சி கெண்ட்ரெலுக்கு. டானிலோ ஓரத்தில் சாதாரண உடுப்பில் நிற்பான்.

சனிக்கிழமை மத்தியானம் இரண்டு மணி ஆட்டம். தண்டர் பே அணி வந்திருந்தது. காற்று வடமேற்கிலிருந்து வயல் புழுதியை அள்ளிக்கொண்டு வந்து முகத்தில் அடித்தது. கெண்ட்ரெலை நான்கு முறை இறக்கினார்கள். ஒரு கெஜம் கேட்டால் மூன்று கெஜம் கொடுத்தான். நாலாவது முறை அரங்கமே எழுந்து நின்று அவன் பேரைச் சொல்லிக் கத்தியது. டானிலோவும் கைதட்டினான். கைதட்டுகிறவன் முகத்தை நான் பார்க்காமல் துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தேன்.

கடைசி நான்கு விநாடி. புள்ளி இருபத்திரண்டுக்கு இருபத்திரண்டு. எங்கள் உதைகாரன் நாற்பத்தேழு கெஜத்திலிருந்து, எதிர்க்காற்றில் உதைக்க வேண்டும். கெண்ட்ரெல் மண்டியிட்டான். பந்து வந்தது. அழகாக நிறுத்தினான், குறை சொல்ல ஒன்றும் இல்லை. உதை பட்டது. அதே வேகத்தில் தண்டர் பேக்காரன் ஒருவன் வந்து எங்கள் உதைகாரன்மேல் மோத, அவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தான்.

பந்து காற்றில் தடுமாறி, கம்பத்துக்கு வலது பக்கமாகப் போய், எல்லைக் கட்டத்துக்குள்ளேயே இறங்கியது. அங்கே நின்ற அவர்கள் ஆள் பிடித்தான். எங்கள் ஆட்கள் பாய்ந்து வருவதைப் பார்த்தான், ஓடினால் மாட்டிக்கொள்வோம் என்று தெரிந்தது. ஓங்கி வெளியே உதைத்தான்.

கெண்ட்ரெல் எழுந்து நின்று முழங்காலில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டிவிட்டான். உதை தவறிவிட்டது, நேரமும் முடிந்துவிட்டது, இனி கூடுதல் நேரம் என்று நினைத்துக்கொண்டு ஹெல்மெட்டின் தாடைவாரை அவிழ்த்தான். பந்து அவன் பக்கத்தில் வந்து விழுந்தது, இரண்டு முறை துள்ளி, அவன் கால்மாட்டில் வந்து படுத்தது. தண்டர் பேக்காரர்கள் ஆறேழு பேர் மூச்சு வாங்க ஓடிவந்து, ஐந்து கெஜம் தள்ளி அவனைச் சுற்றி வட்டமாக நின்றார்கள். தொட்டால்தானே அவர்கள் பாயலாம்? அவன் தொடுவதாக இல்லை. ஒருவர் மாற்றி ஒருவரைப் பார்த்து, மரியாதையாகத் தலையசைத்தான். ஆட்டம் முடிந்து கைகுலுக்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்தானாம். வெளியே உதைத்தவன் மட்டும் தூரத்திலிருந்து உயிரைக் கொடுத்து ஓடிவந்துகொண்டிருந்தான். அவனுக்கு ஐந்து கெஜக் கட்டுப்பாடு கிடையாது, அவன் வந்து சேர்ந்தால் பந்து அவனுக்கு.

“உதைடா! உதைச்சுத் தொலைடா!” இருபத்தையாயிரம் பேர் கத்தினார்கள். வெர்ன் கத்தினான். தரையில் கிடந்த உதைகாரன் தன் தாய்மொழியான பிரெஞ்சில் கத்தினான். இத்தனை சத்தத்தில் ஒரு சொல்லும் கெண்ட்ரெலுக்கு விளங்கவில்லை. உதை தவறியதற்குத் தன்னைத் திட்டுகிறார்கள் என்று எண்ணி, மன்னிப்புக் கேட்கிற மாதிரி இரண்டு கையையும் விரித்தான். விரித்துக்கொண்டே ஓரத்தில், தனக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்தவன் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

டானிலோ வலது காலைத் தலைக்கு மேலே வீசி ஒன்றுமில்லாத காற்றை உதைத்து, மல்லாக்க விழுந்தான்.

கெண்ட்ரெல் அதைப் பார்த்தான். பந்தைப் பார்த்தான். குனிந்து எடுத்தான். எடுத்ததுதான் தாமதம், வட்டம் அவன்மேல் இடிந்து விழுந்தது. விழுவதற்கு ஒரு நூல் முன்னால் அந்தப் பதினைந்தாம் நம்பர் ஷூ பந்தில் பட்டது. அதை உதை என்று சொல்வதே தப்பு. சுழலவுமில்லை, உயரவுமில்லை. ஆனால் போனது. எல்லோரும் இந்தப் பக்கம் வந்துவிட்டதால் அந்தப் பக்கம் காலியாகக் கிடந்தது. தட்டித்தட்டி உருண்டு எல்லைக் கட்டத்துக்குள் போயிற்று. தண்டர் பேயின் பெரிய உடம்புக்காரன் ஒருவன் துரத்திக்கொண்டு போய், காப்பாற்றிவிட்டதாக நினைத்து, பந்தின்மேல் படுத்துக்கொண்டான். அவனும் அமெரிக்காதான், வந்து இரண்டு வாரம் ஆகியிருந்ததாம். எல்லைக் கட்டத்துக்குள்ளேயே படுத்தால் ரூஜ் என்று அவனுக்கும் யாரும் சொல்லவில்லை. இருபத்துமூன்றுக்கு இருபத்திரண்டு.

உடைமாற்றும் அறையில் ஒரே கூத்து. கெண்ட்ரெலின் தலையில் பியரை ஊற்றினார்கள். “ரூஜ்னா என்னங்க? பொம்பளைங்க கன்னத்துல பூசறதுதானே?” என்று அவன் கேட்க, எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கூட்டம் கலைந்தபின் டானிலோவிடம் வந்தான். நான் பக்கத்தில் ஹெல்மெட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

“இதை நீ முன்னாடியே சொல்லியிருக்கலாமே?”

“சொல்லியிருக்கலாம்.”

“மறந்துட்டியா?”

“இல்ல. வேணும்னேதான் சொல்லல.”

கெண்ட்ரெல் இன்னும் கிட்டே வந்தான். அந்த உடம்பு ஓர் அடி கொடுத்தால் என்ன ஆவது என்று ஹெல்மெட்டைக் கீழே வைத்தேன். கடைசியில் அவன் டானிலோவின் தோளில் கை வைத்தான். “நானா இருந்தா காலைத் தூக்கியிருக்கவே மாட்டேன்” என்றான். பிறகு மகளுக்குப் போன் பண்ண வெளியே போய்விட்டான்.

திங்கட்கிழமை காலை வெர்ன் ஆள் அனுப்பினான். டானிலோ ஆட்டப் பாடங்கள் இருக்கிற டேப்லெட்டை எடுத்துக்கொண்டு வரவேண்டுமாம். எங்கள் இடத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். கால்மணி நேரத்தில் திரும்பி வந்து லாக்கரைக் காலி பண்ண ஆரம்பித்தான். நான் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு மனசு தாங்கவில்லை.

“உனக்குக் கிறுக்காடா பிடிச்சிருக்கு? பேசாம இருந்திருந்தா ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போயிருக்கும். தோத்தாலும் தோத்திருப்போம். இன்னிக்கு டேப்லெட்டைத் தூக்கிக்கிட்டு அவன் போயிருப்பான், நீ இருந்திருப்பே. ஏன்டா காட்டிக்கொடுத்தே?”

“நான் காட்டிக்கொடுக்கல அக்கா.”

“ஊரே பார்த்துச்சு!”

“சத்தியமா. பேசக்கூடாதுன்னு முடிவு பண்ணிட்டேன். அவன் என் பக்கம் திரும்புறான், நான் பல்லைக் கடிச்சுக்கிட்டு நிக்கிறேன். ஒரு வார்த்தை பேசல. பந்து அங்க உயிரோட கிடக்கு, எவனும் உதைக்க மாட்டேங்கிறான்… கால் அதுவா எழும்பிடுச்சு.” சொல்லிவிட்டு அவனே சிரித்தான். சிரித்த வாயோடு ஷூக்களைப் பையில் போட்டான்.

நான் நம்பவில்லை. நல்லவனாகக் காட்டிக்கொள்ளக் கூச்சப்பட்டு இப்படி ஒரு கதை கட்டுகிறான் என்று நினைத்தேன். கட்டிப்பிடித்து அழுதேன், திட்டினேன், அவன் அம்மாவுக்கென்று ஒரு டப்பா முட்டைக்கோஸ் சுருள் கொடுத்தனுப்பினேன். அவன் அண்ணனின் லாரி வாசலில் நின்றிருந்தது. அறுவடைப் புழுதியோடு வந்து, அறுவடைக்கே அவனைக் கூட்டிக்கொண்டு போனது.

சொன்னேனே, ஏன் என்று தெரியாவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது. மத்தியானம், எங்கள் ஆட்டங்களைப் படமெடுக்கிற படப்பிடிப்புக்காரன் அறைக்குப் போய், அந்தக் கடைசி விநாடிகளை மைதானத்தின் எதிர்ப்பக்கக் கேமராவில் போடச் சொன்னேன்.

கெண்ட்ரெல் கையை விரிக்கிறான். அவனுக்குப் பின்னால் எங்கள் ஓரம், அதற்கும் பின்னால் ஜனம். “நிறுத்து” என்றேன். நிறுத்தினான்.

அரங்கத்தில் அத்தனை பேருக்கும் ஒற்றைக் கால்தான் தரையில் இருந்தது. இடுப்பில் குழந்தையை வைத்திருந்த பெண் ஒரு காலை வீசிக்கொண்டிருந்தாள். கைத்தடிக்காரக் கிழவர் ஒருவர் தடியை ஊன்றிக்கொண்டு உதைத்துக்கொண்டிருந்தார். வெர்னின் கால் முன்னால் நின்றவன் முதுகில் பட்டிருந்தது. அவன் பக்கத்தில் ஒரு பருத்த பொம்பளை தண்ணீர்ப் புட்டிக் கூடையை உதைத்து, புட்டிகள் எட்டுத் திசையிலும் பறந்துகொண்டிருந்தன. அது நான்தான். வியாழக்கிழமை வாயை மூடிக்கொண்டு போனேனே, அதே நான்.

நடுவில் டானிலோ. எல்லோருடைய காலையும்விட அவன் கால் உயரத்தில் இருந்தது. எல்லோருடைய வாயும் ஆவென்று திறந்திருந்தது, அவன் வாய் மட்டும் இறுக்க மூடியிருந்தது.

படப்பிடிப்புக்காரனை இன்னொரு முறை போடச் சொன்னேன்.